கண்ணாடிக்குக் காட்டாத கால்

எங்கள் ஊர் முக்கில் நின்று “டயர்காரர் வீடு எது?” என்று கேட்டால் பேச்சு வராத குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டும். அந்தப் பெயரை எனக்கு அப்பா தரவில்லை, பள்ளிக்கூடமும் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை மூட்டை கட்டியவன் நான். புளியமரத்தடியில் ஒரு பம்பும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டத் தொடங்கினேன். இன்றைக்கு மெயின் ரோட்டில் மூன்று ஷட்டர் போட்ட டயர் கடை என்னுடையது. கேரளத்து லாரிக்காரர்கள் வழியில் பத்துக் கடையைத் தாண்டி வந்து என் கடையில் காத்துக் கிடப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பஞ்சர் ஒட்டுவதை யாரும் படித்துவிடலாம். டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும். அந்த இடத்தை உரசிப் பசை தடவி ஒட்ட வேண்டியதுதான். ஆனால் முள் டியூபில் இருக்காது, டயரில் இருக்கும். அதை எடுக்காமல் மாட்டிக் கொடுத்தால் அடுத்த வளைவு திரும்புவதற்குள் காற்று மறுபடியும் போய்விடும். டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி அந்த முள்ளைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். கண்ணுக்குத் தெரியாத முள் என் நடுவிரலுக்குத் தெரியும். என்னிடம் வேலை படித்துவிட்டுத் தனிக்கடை போட்டவர்கள் பலர். இந்த விரல் அவர்களில் எவனுக்கும் வாய்க்கவில்லை.

என் தங்கையின் வலது கால் இன்றைக்கும் தரையில் ஊன்றி நிற்கிறது என்றால் அதில் இந்த விரலுக்கும் ஒரு பங்கு உண்டு. மீதிப் பங்கெல்லாம் மற்றவர்களுடையது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கை. அவள் வீட்டுக்காரர் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த இடம் வளைகுடாவில். வீட்டில் நானும் என் மனைவியும் தங்கையுமாக மூன்று பேர். மூன்று பேருக்கும் வாய் நீளம் என்பதால் வீடு நிறைந்தே இருக்கும்.

புளியமரத்தடிக் காலத்தில் என்னிடம் இருந்தது யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய பம்பு. பம்பின் அடியில், இரண்டு பாதத்தாலும் மிதித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இருக்கும். என் பம்பில் ஒரு பக்கத் தகடு ஒடிந்து போயிருந்தது. ஓங்கி அடித்தால் பம்பு சாயும். பள்ளிக்கூடம் விட்டதும் பையை மரத்தடியில் எறிந்துவிட்டு ஓடி வந்து, ஒடிந்த பக்கத்தை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நிற்பாள் தங்கை. நான் அடிப்பேன். இரும்பு குத்திப் பாதம் சிவந்து போகும். வலிக்குமே என்று நான் “நொம்பலம் உண்டுமா பிள்ளே?” என்று கேட்டால், “நீ அடி அண்ணே, நான் சவுட்டியாச்சு” என்பாள். தனி ஒருவனாக முன்னுக்கு வந்தேன் என்று நான் கடையில் உட்கார்ந்து பேசும்போது, அவள் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் “தனி ஒருவனும் ரெண்டு காலும்” என்று திருத்துவாள்.

அந்தக் கால்களைத்தான் சர்க்கரை பிடித்தது. வருடக்கணக்காக மாத்திரையில் ஓடி, பிறகு ஊசிக்கு வந்து, கண்ணில் லேசர் வைத்து, கடைசியில் பாதத்தில் உணர்வு செத்துப்போனது. அது செத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடத் திருவிழாவில்தான் அது வெளியே தெரிந்தது.

நாங்கள் அய்யா வழிக்காரர்கள். நாங்கள் கும்பிடுகிற இடத்துக்குத் தாங்கல் என்று பெயர், எங்கள் ஊர்த் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே ஒரு பெரிய கண்ணாடியும் அதன் முன்னால் விளக்குகளும்தான். கும்பிடப் போகிறவன் அதில் தன்னையே பார்ப்பான். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தலைப்பாகை கட்டியவன் எவனும் ராஜா, அவன் யாருக்கும் குனிய வேண்டியதில்லை என்பது எங்கள் வழி. சின்ன வயதிலேயே எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று என்பதைச் சொல்லவே வேண்டாம்.

திருவிழா அன்று உச்சி வெயிலில், கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு தாங்கலைச் சுற்றி வந்தாள் தங்கை. கூட வந்த பெண்கள் எல்லாம் குதிகாலில் ஓடினார்கள். இவள் மட்டும் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவள் மாதிரி மெதுவாக நடந்தாள். அய்யா அருள் என்று ஊரே மெச்சியது. அருளும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது கால் வெந்து கொப்பளித்தது அவளுக்குத் தெரியவில்லை. வலிக்காத புண் தானே ஆறிவிடும் என்று துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டாள். வாடை வந்து என் மனைவி கண்டுபிடித்தபோது இரண்டு விரல்களைக் காப்பாற்ற வழி இல்லை. எடுத்துவிட்டார்கள்.

ஆசுபத்திரியை விட்டு வரும்போது டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். எங்கள் மாவட்டத்துப் பெண்தான், சின்ன வயது, குரலில் ஒரு பதற்றமும் கிடையாது.

“அம்மா, உங்க காலு இனி உங்களுக்குச் சேதி சொல்லாது. வலிக்காததாக்கும் இந்தச் சோக்கேடு. அதனால தினமும் உள்ளங்காலைப் பாக்கணும். தரையில ஒரு கண்ணாடியை வச்சு, அதுக்கு மேல காலைப் பிடிச்சா தெரியும். வீட்டுக்குள்ளயும் செருப்பில்லாம நடக்கப்பிடாது. இடது கால்ல ரெண்டு விரலோட போச்சு. வலது கால்ல ஒண்ணு வந்தா அப்படி நிக்கும்னு நான் வாக்குத் தரமாட்டேன்.”

தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“கண்ணாடியில உள்ளங்காலைக் காட்டணுமாம்! என்ன சொல்லிட்டா பாத்தியா மதினி?”

என் மனைவி பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஏட்டி, தாங்கல்ல இருக்கது வேற, வீட்டுல இருக்கது வேற. தலை சீவுகதுக்குக் கண்ணாடியில மூஞ்சியப் பாக்கியா இல்லியா?”

“மூஞ்சியக் காட்டலாம். பாதத்தைக் காட்ட மாட்டேன்.”

“கடையில வாங்குன கண்ணாடியாக்கும் அது.”

“தாங்கல்ல இருக்கதும் கடையில வாங்குனதுதான். நீதானே வாங்கிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுக.”

அது உண்மை. நல்ல பெல்ஜியம் கண்ணாடி.

மறுநாள் என் மனைவி தானே பார்ப்பதாகச் சொல்லிக் காலைப் பிடித்தாள். தங்கை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். அண்ணன் மனைவி அம்மா ஸ்தானம், அவள் கை காலில் படக்கூடாதாம். உட்கார்ந்து தானே குனிந்து பார்க்கிறேன் என்றாள். லேசர் வைத்த கண்ணுக்குத் தன் பாதம் எங்கே தெரியும்? தெரிந்ததாகப் பாவனை செய்தாள். நாள் ஓட ஓட, ஒருநாள் இன்னொரு வாடை வந்துவிடுமோ என்று என் மனைவி மூக்கைத் தீட்டிக்கொண்டே நடமாடினாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் வெள்ளனே சாயா குடித்ததும், பின்பக்கத்தில் கிழக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் தங்கைக்கு ஒரு நாற்காலி போட்டேன். அவளுக்கு எதிரே தரையில் பலகை போட்டு நான் உட்கார்ந்தேன்.

“காலைத் தூக்கு பிள்ளே.”

“ஒனக்குக் கிறுக்கா அண்ணே? மூத்தவன் கையில காலைத் தூக்கி வைக்கச் சொல்லுகியா?”

“எவன் மூத்தவன்? நான் பஞ்சர்காரனாக்கும். பம்பு சவுட்டுன காலு இது. கடைச் சாமானைக் கடைக்காரன் பாக்கதுல என்ன கொறச்சல்?”

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு வலது காலை என் மடியில் வைத்தாள். பாரமே இல்லை. நான் நினைத்திருந்த கால் அது இல்லை.

இந்த மாவட்டத்தில் எந்தப் பெரிய மனிதன் முன்னாலும் முதுகு வளைக்காதவன் நான். அன்றிலிருந்து தினமும் காலையில் தரையில் உட்கார்ந்து தங்கையின் பாதத்தைப் பார்த்தேன். முதலில் கண்ணால், பிறகு விரலால். குதிகால், உள்ளங்கால் வெள்ளை, விரல் இடுக்கு. வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், இடுக்கில் தடவக்கூடாது. எல்லாம் டாக்டரம்மா சொன்னபடி. தங்கை சும்மா இருக்க மாட்டாள்.

“டயரு எப்படி இருக்கு அண்ணே?”

“தேஞ்சுபோச்சு. நூலு தெரியுது.”

“மாத்துகதுக்குக் கடையில பழசு ஏதாவது கெடக்கா?”

“ஒன் சைசு இப்ப வாறதில்ல.”

அடுக்களைக்குள்ளிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்கும்.

எல்லாம் சரியாகத்தான் போனது, அடுக்களை ஒன்றைத் தவிர. வீட்டுக்குள் செருப்புப் போட ஒருவழியாகச் சம்மதித்தவள், அடுக்களை வாசலில் மட்டும் அதைக் கழற்றிவிடுவாள். தீ எரிகிற இடத்தில் செருப்பு ஏறக்கூடாதாம். நான் சத்தம் போட்டேன், டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அவள் அசையவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் முட்டத்திலிருந்து வரும் மீன்காரி நல்ல கெழுத்தி கொண்டுவந்தாள். கெழுத்தி மீனுக்கு இரண்டு பக்கமும் முதுகிலும் ஊசி மாதிரி முள் இருக்கும், ஓரமெல்லாம் அரம்போல. குத்தினால் கடுத்துவிடும். அதை வெட்டுவதில் தங்கைக்கு இணை கிடையாது. மதினி வெட்டினால் செதில் வாயில் வரும் என்று சொல்லி, தானே அடுக்களையில் உட்கார்ந்து வெட்டினாள். கெழுத்திக்குச் செதிலே கிடையாது என்று என் மனைவி சொன்னது யார் காதிலும் விழவில்லை. மரச்சீனிக்கிழங்கு அவித்து மீன்குழம்போடு சாப்பிட்டோம். தங்கைக்குக் கிழங்கு அளவோடுதான். குழம்பு மட்டும் கணக்கில்லாமல்.

மறுநாள் காலையில் அவள் வலது பாதம் என் மடியில் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை ஓட்டினேன். பெருவிரலுக்குக் கீழே, சதைப் பற்றில், ஒரு இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தது. மறுபடியும் ஓட்டினேன். தோலுக்குள் மணல் அளவில் ஒரு தடை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினால், கறுப்பாக ஒரு புள்ளி.

“முள்ளு” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியலியே” என்றாள் தங்கை. அவள் குரலில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. “அண்ணே, எடுத்துரு. இப்பவே எடுத்துரு. ஆசுபத்திரி வேண்டாம். போனா அறுத்துருவா.”

நான் எழுந்துபோய்க் கடைப் பையிலிருந்து நுனிக் குறட்டை எடுத்து வந்தேன். வாழ்நாள் முழுக்க முள் எடுத்த கை. வெந்நீரில் முக்கினேன். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். குறடு பாதத்தில் படுவதற்குள், பின்னாலிருந்து என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டிய நாளிலிருந்து இந்தக் கையை அவள் அப்படிப் பிடித்ததில்லை.

“இது டயரு இல்ல கேட்டேளா? டயருக்குள்ள ரத்தம் ஓடாது. குறட்டைக் கீழ வையுங்க.”

“நான் பாக்காத முள்ளா?”

“நீங்க பாத்ததெல்லாம் ரப்பர்ல. காரை எடுங்க.” பிறகு, அழத் தொடங்கிய தங்கையிடம் திரும்பி, “நீ கரையாத பிள்ளே. போன தடவை மாதிரி வாடை வந்த பொறவா போறோம்? முள்ளோட போறோம். டாக்டர் கையில முழுசாக் குடுப்போம்” என்றாள்.

காரை எடுத்தேன். குறடு எடுத்தது என் தொழில் புத்தி, தடுத்தது அவள் புத்தி. அப்படிப்பட்டவளைப் பார்த்துக் கட்டியதும் என் கெட்டிக்காரத்தனம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெண் பார்க்கப் போனபோது அவளைத் தேர்ந்தெடுத்தது தங்கை.

ஆசுபத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நான் நினைத்ததைவிட முள் நீளம், உள்ளே சாய்வாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா கீறி எடுத்து, துணியில் வைத்து எங்களிடம் காட்டினார். பொடிப்பொடியாக அரம் போட்ட முள்.

“யாரு இதைக் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார்.

நான் நடுவிரலைக் காட்டி என் தொழிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்க. இதை ரெண்டு நாள் விட்டிருந்தா பேச்சு வேற மாதிரி இருந்திருக்கும். வீட்டுல வச்சுப் பிடுங்காம வந்தது அதைவிட நல்ல காரியம். இழுத்திருந்தா நுனி ஒடிஞ்சு உள்ளயே தங்கியிருக்கும்.”

ஓட்டையை ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விடுகிற வேலை. என் கடையில் எவனாவது அதைச் செய்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவேன். மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன்.

முள் போனாலும் புண் இருந்தது. சர்க்கரைக்காரி காலில் கீறிய புண். ஊன்றி நடக்கக் கூடாது என்றார்கள். கட்டுப் பிரிக்கப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா “பாப்போம்” என்று மட்டும் சொல்வார். அந்தச் சொல்லோடு நாங்கள் திரும்பி வருவோம். ஒரு தடவை ஓரம் கறுத்திருக்கிறது என்று கூடுதலாக மருந்து எழுதினார். அன்றைக்குக் கடையில் ஒரு லாரி டயரை விரித்து வைத்துக்கொண்டு எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன். டிரைவர், “பெரியவரே, இது புது டயரு” என்றான்.

கவலைப்பட்டு உட்கார எனக்குத் தெரியாது. பழைய நாற்காலி ஒன்றுக்கு நாலு சக்கரம் போட்டு, சக்கரத்துக்கு ரப்பர் சுற்றி, கால் நீட்டிக்கொள்ளப் பலகை வைத்து நானே ஒரு வண்டி செய்தேன். அதைவிட நல்லது கடையில் கிடைக்கும், வாங்கவும் எனக்கு வசதி உண்டு. ஆனால் அது நான் செய்ததாக இருக்காதே. தங்கை ஏறி உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “ஹாரன் வைக்கலியா அண்ணே?” என்றாள். சைக்கிள் மணி ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அது நான் செய்த பிழை. அதற்குப் பிறகு அடுக்களையில் என் மனைவி உப்புப் போட மறந்தால் மணி அடிக்கும். வேலைக்காரி தூசியை விட்டுவிட்டுப் போனால் மணி அடிக்கும்.

அந்த நாட்களில்தான் மனைவி கடைத்தெருவுக்குப் போய் மூன்று ஜோடி மெத்துச் செருப்பு வாங்கி வந்தாள். ஒரு ஜோடியைக் கழுவித் துடைத்து, தானே போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் நடந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். செருப்பு என்றால் வாசலுக்கு வெளியே என்று வளர்ந்தவள் அவள். முதல் நாள் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தங்கை வண்டியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடிக்கவில்லை.

“தீக்க முன்னால செருப்போட நிக்கியே மதினி.”

“இது அடுக்களைக்கு உள்ள செருப்பு. வெளிய போகாது. கால் ஆறி நீ எறங்கி வரும்போது தனியா ஒருத்தி மட்டும் செருப்போட நிக்க வேண்டாம். அவரும் போடுவாரு.”

நானும் போட்டேன். அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் செருப்போடு சமைத்துச் சாப்பிடுகிற குடும்பமானோம். ஊருக்குத் தெரிந்தால் சிரிக்கும். சிரிக்கட்டும்.

மழை ஓய்ந்து வெயில் தொடங்கிய ஒரு நாளில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “பாப்போம்” என்று சொல்லவில்லை. “புண்ணு மூடிட்டு. இனி ஊணலாம்” என்றார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் ஜன்னல் வழியாக வெளியே நின்ற கார்களின் டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி நிற்கத்தான் எனக்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டது ஒன்றே ஒன்று. தாங்கலுக்குப் போய் அந்தக் கண்ணாடியின் முன்னால் நிற்க வேண்டும். நான் முடியாது என்றேன். சண்டை பிடித்தோம். டாக்டரம்மாவே நடுவில் நின்று தீர்த்தார்: மணல் சுடுமுன் போக வேண்டும், தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ள வேண்டும், திரும்பியதும் உடனே பாதத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்னே போனோம். மணல் குளிர்ந்து கிடந்தது. காலுறையைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். நான் அவர்களைப் பார்த்த பார்வையில் முகம் நேராகிவிட்டது. சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தங்கை அந்தப் பக்கம் பெண்களோடு நின்றாள். கண்ணாடியில் விளக்குக்குப் பின்னால் அவள் முகமும் என் முகமும் தெரிந்தன. அவள் பார்வைக்கு எவ்வளவு தெரிந்ததோ. வெகுநேரம் நின்றாள்.

வெளியே வந்ததும் முற்றத்துப் படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ காலுறையைக் கழற்றிவிட்டு, ஊர்க்காரர்கள் வந்து போகிற இடத்தில், வலது காலை என் முன்னால் நீட்டினாள். முகத்தில் பழைய குறும்பு. என்ன செய்கிறேன் பார்ப்போம் என்கிற குறும்பு.

நான் மணலில் உட்கார்ந்து காலை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஊரில் எனக்குச் சரிக்குச் சரி வாய்ச்சண்டை போடுகிற பலசரக்குக் கடைக்காரர் அப்போதுதான் வந்தார். அவர் தலையிலும் தலைப்பாகை.

“என்ன ஓய் டயர்காரரே, மணல்ல கெடந்து என்னத்தைத் தேடுகீரு?”

நான் நிமிரவில்லை. தங்கைதான் பதில் சொன்னாள். “முள்ளு இருக்கான்னு பாக்காரு அண்ணாச்சி. ஒமக்கும் பாக்கணும்னா வரிசையில நில்லும்.”

அவர் சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். குதிகாலைத் தடவினேன், வெள்ளையைத் தடவினேன், ஆறிய வடு விரலுக்கு மழுமழுவென்று பட்டது. சூடு இல்லை. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் துடைத்தேன். குனிந்த குனிவில் என் தலைப்பாகை நெற்றிக்கு இறங்கியது.

“அண்ணே, தலைப்பாகை சரியுது.”

“நீ பிடிச்சுக்கோ பிள்ளே, எனக்குக் கை ஒழிவில்ல” என்றேன்.

அவள் குனிந்து, இரண்டு கையாலும் என் தலைப்பாகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் வலது காலை இறக்கி வைத்துவிட்டு இடது காலை எடுத்தேன். அதையும் பார்த்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.